கம்பனி அண்ணைக்கு வந்த கடிதம்

அமெரிக்காவின் அந்தப் பெரிய கார்க் கம்பனியை, அதன் முதலாளிகள்கூட எங்கள் கம்பனி அண்ணை நம்பிய அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்கள். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் எந்த மூலையில் நின்றும் இதைச் சத்தமாகச் சொல்வேன். மறுக்க யாராவது வந்தால், அவர் ஒருநாள்கூட அண்ணையிடம் அகப்படாத அதிர்ஷ்டசாலி என்று அர்த்தம்.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அவருடைய கடை. சாமிப் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்பார். சந்தனம், குங்குமம், குத்துவிளக்கு, பிளாஸ்டிக் மாலை எல்லாம் உண்டு. கடையின் ஒரு மூலையில் எனக்கு ஒரு மேசை தந்திருந்தார். சனிக்கிழமைகளில் நான் அங்கே இருந்து, ஆட்களுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்லுவேன். பத்திரங்கள் நிரப்பிக் கொடுப்பேன். லா சப்பலில் பாதிப் பேரின் கடிதங்கள் என் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

கம்பனியின் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை. "கம்பனி" என்பார், அவ்வளவுதான்.

"ஏனண்ணை பேர் சொல்ல மாட்டியள்?"

"என்ரை அம்மா எங்கடை ஐயாவின்ரை பேரைச் சொல்லி நீர் கேட்டனீரோ? மரியாதை எண்டு ஒண்டு இருக்குத் தங்கச்சி."

ஆகவே நானும் இங்கே எழுதவில்லை.

முருகன் படம் வாங்க வருபவருக்கு முருகனோடு கம்பனியின் சரித்திரமும் கிடைக்கும். சட்டம் அடிக்கப் பத்து நிமிடம், சரித்திரம் நாற்பது நிமிடம். சட்டம் முடிந்தாலும் சரித்திரம் முடியும்வரை படத்தைத் தரமாட்டார். "ஊரிலை தேர் நகரும், சனமும் சேர்ந்து நகரும். கம்பனி என்ன செய்தது? காரை மட்டும் நகர்த்திச்சுது. வேலைக்காரன் நிண்ட இடத்திலையே நிண்டான். அவனுக்கு முன்னாலை கார் தானா வந்து நிண்டது. உலகத்தையே மாத்தின விசயம்!" என்று சொல்லி, மேசையில் பிள்ளையாரை மெதுவாக நகர்த்திக் காட்டுவார். ஒருமுறை பிள்ளையார் விளிம்பைத் தாண்டி என் மடியில் வந்து விழுந்தார்.

அண்ணையிடமும் கம்பனியின் கார் ஒன்று இருந்தது. வயதான, நீலநிற, அகலமான கார். எதிர்க்கடையில் தேத்தண்ணி குடிக்க வரும் புதுச்சேரிக்காரர் ஒருவர், பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் பிரெஞ்சு மரியாதையில் 'மிசியே', அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். அவருக்கு அண்ணையைச் சீண்டுவதுதான் முழுநேர உத்தியோகம்.

"என்னங்க, அமெரிக்கக் காரு அமெரிக்கக் காருன்னு குதிக்கிறீங்க. கதவுல எழுதியிருக்குது பாருங்க, ஜெர்மனில செஞ்சதுங்க இது."

அண்ணை சுத்தியலைக் கீழே வைத்தார். "மிசியே, இந்தத் தங்கச்சியின்ரை பிள்ளை பாரிஸிலை பிறந்தது. அது தமிழ்ப் பிள்ளை இல்லையோ?"

மிசியே தேத்தண்ணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார் என்பது வேறு விசயம்.

கம்பனிக்குப் பெயர் கெட்ட காலத்தையும் அண்ணை மறைக்கமாட்டார். குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் நடந்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லுவார். "ஒருக்கா ஒரு பிழையை மறைச்சுப்போட்டினம் தங்கச்சி. கோர்ட், கேஸ் எண்டு நாறிப்போச்சு. அதோடை கம்பனி திருந்திட்டுது. இப்ப ஒரு ஆணி பிசகினாலும் காரை வைச்சிருக்கிறவனுக்குக் கடிதம் போடுவினம். பிழையைச் சொல்லிக் கடிதம் போடுறவனை நம்பலாம்."

இதை எனக்குக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நிலானிக்குப் பதினாறு வயதானபோது கார் பழகவேண்டும் என்றாள். இங்கே அதற்கு ஒரு முறை இருக்கிறது. சாரதிப் பள்ளியில் கொஞ்சம் பழகிய பிறகு, பல வருடம் லைசன்ஸ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி மூவாயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும். அதற்குப் பிறகுதான் பரீட்சை. எங்கள் வீட்டில் எனக்கும் லைசன்ஸ் இல்லை, ரெஸ்ரோரண்டில் சமைக்கும் என் கணவருக்கும் இல்லை. அண்ணை இதைக் கேள்விப்பட்டதும் மார்பில் கை வைத்தார். "பிள்ளை கம்பனிக் காரிலை பழகட்டும்."

நான் பயந்தாங்கொள்ளி. பிள்ளை கத்தி எடுத்துப் பாண் வெட்டினால் விரல்களை எண்ணிப் பார்க்கிற ரகம். எர்-ஒ-எர் என்ற புறநகர் ரயிலில் அவள் ஏறினால், இறங்கினாயா என்று மூன்று முறை கேட்பேன். அவள் "உய், மமோன்", ஓம் அம்மா, என்று பிரெஞ்சில் ஒரு முறை பதில் போடுவாள். கார் என்றதும் நான் முதலில் கேட்டதே இதைத்தான்.

"அண்ணை, அடிபட்டால்?"

அவர் என்னைக் காரில் சாரதி இருக்கையில் இருத்தி, ஸ்டியரிங்கின் நடுவைத் தொடச் சொன்னார். "இதுக்குள்ளை ஏர்பாக் இருக்கு. அடிபட்டால் கண் மூடித் திறக்க முன்னம் விரியும். தலையணை மாதிரி. பிள்ளையின்ரை முகத்தை அது ஏந்தும்."

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நான் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நிலானி வெட்கத்தில் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

சனிக்கிழமை கடை பூட்டியதும் நாங்கள் மூவரும் பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்தக் காரில் போவோம். நிலானி ஓட்டுவாள், அண்ணை பக்கத்தில், நான் பின்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்தபடி. கிலோமீட்டர் சேரவேண்டும் என்று சில நாட்களில் பாரிஸைச் சுற்றும் பெரிஃபெரிக் வீதியில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு வீட்டுக்குப் போவோம். முதல்முறை அந்த வீதிக்குள் நுழைந்தபோது இடப்பக்கம் ஒரு பெரிய லொறி வந்தது. அண்ணை அப்போது இரண்டாம் உலக யுத்தத்தில் இருந்தார்.

"கார் செய்யிறதை நிப்பாட்டிப்போட்டு, கம்பனி முழுக்க யுத்தச் சாமான்..."

"அண்ணை, லொறி!"

"ஓம், லொறியும் செய்தவை."

எலுமிச்சம்பழம் என் கையிலேயே சாறாகிப் போனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கடிதம் வந்தது. பதிவுத் தபால். உறையின் மூலையில் கம்பனியின் சின்னம். அண்ணை கையெழுத்துப் போட்டு வாங்கினார். கடைக்குள் ஒரு சுற்று நடந்தார். உறையைக் கத்தியால் பக்குவமாகத் திறந்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிப்பு "மிசியே" என்ற சொல்லும் அதற்குப் பின்னால் தன் பெயரும் வரைக்கும்தான். அவை இரண்டும் அங்கே இருந்தன.

"தங்கச்சி, கம்பனி எழுதியிருக்கு."

என் மேசைக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். "என்னவாம் அண்ணை? தாங்கோ பாப்பம்."

"எல்லாற்றை கடிதத்தையும் உம்மட்டைத் தரலாம். இது வீட்டுக் கடிதம். சுகம் விசாரிச்சிருக்கினம்."

நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளின் பத்திரத்தைக் கையில் எடுத்தேன். ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்று மாலைக்குள் கடிதம் சட்டத்துக்குள் போய்விட்டது. கலியாண அழைப்பிதழுக்குப் பூசுவதுபோல நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் சந்தனம், அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டு. குறுக்கே பிளாஸ்டிக் மல்லிகை மாலை. பிள்ளையாருக்கும் இலட்சுமிக்கும் நடுவில், என் மேசைக்கு நேர் எதிரே மாட்டினார். "முப்பது வருசமா நான் கம்பனியைப் பற்றிக் கதைச்சன். இப்பதான் கம்பனி என்னோடை கதைச்சிருக்கு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மிசியே மட்டும், "நல்லவேளை, ஜெர்மன்ல எழுதலைங்க" என்றார்.

பதினொரு வாரம் அந்தக் கடிதம் என் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. ஊராரின் கடிதத்தையெல்லாம் அடிக்குறிப்புவரை வாசிக்கிற நான் அதை ஒரு வரி வாசிக்கவில்லை. பொட்டு வைத்த காகிதத்தை யார் வாசிக்கிறார்கள்? கும்பிடுகிறோம். காலையில் வந்ததும் பிள்ளையாருக்கும் இலட்சுமிக்கும் கும்பிடும்போது நடுவில் இருந்ததற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

அந்தப் பதினொரு வாரத்தில் ஒருநாள், முன்னால் போன வான் திடீரென்று நின்றது. நிலானி பிரேக்கை அழுத்தினாள். எங்கள் கார் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. நான் முன்னால் எட்டி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தலையணை இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு இப்போதும் பகலில், வேலை நடுவில், திடீரென்று வந்து, என்னை நிலானிக்குத் தொலைபேசி எடுக்கவைக்கிறது.

மூவாயிரத்துக்கு இன்னும் நூற்றி நாற்பது கிலோமீட்டர் மிச்சம் இருந்தபோது, கடலோரம் ஒருநாள் போய்வந்தால் கணக்கு முடிந்துவிடும் என்று புறப்பட்டோம். கார் கடை வாசலில், வீதியிலேயே, வார்னிங் விளக்குப் போட்டபடி நின்றது. நாலு சக்கரத்தின் கீழும் அண்ணை எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். நான் பையில் புளிச்சாதம் அடுக்கினேன். நிலானிக்குப் பொழுது போகவில்லை. அவள் இங்கே பிறந்த பிள்ளை. சுவரில் பிரெஞ்சு எழுத்து இருந்தால் வாசிப்பாள், அதற்கு யார் பொட்டு வைத்திருந்தாலும்.

மாலையை விரலால் தூக்கினாள். சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்கத்தைத் திறந்து, கடிதத்தை எடுத்து, குங்குமத்தை நகத்தால் சுரண்டினாள். குங்குமத்தின் கீழேயும் சிவப்பாகவே எழுத்துகள் இருந்தன.

"அம்மா," என்றாள். வழக்கமாக அவள் என்னை அம்மா என்று தமிழில் கூப்பிடுவதில்லை.

'இந்த வாகனத்தை ஓட்டுவதை உடனடியாக நிறுத்துங்கள்' என்று அங்கே எழுதியிருந்தது. மாலை மறைத்திருந்த பகுதியில் காரணம் இருந்தது. ஏர்பாக்கை விரியச் செய்யும் உலோகக் குப்பி நாட்பட்டுப் பழுதாகியிருக்கலாம், மோதலின்போது அது வெடித்து, உலோகத் துண்டுகள் ஓட்டுபவரின் முகத்தில் பாயலாம், உயிராபத்து. கடைசி வரியில், இலவசமாக மாற்றித் தருகிறோம், அழையுங்கள் என்று ஒரு எண்.

புளிச்சாதம் என் கையிலிருந்து விழுந்ததை மிசியே சொல்லித்தான் பிறகு அறிந்தேன். நான் நிலானியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். நெற்றி, கண், மூக்கு, தாடை. எல்லாம் இருந்தன. இருந்தும் விடமுடியவில்லை.

அண்ணை உள்ளே வந்தார். "என்ன தங்கச்சி, வெளிக்கிடுவமே?"

நான் கத்தினேன் என்கிறார்கள். கத்தினது நினைவில்லை. கடிதத்தை முதல் வரியிலிருந்து அவருக்குத் தமிழில் வாசித்துச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கேட்டார். அவரை அறிந்த இத்தனை வருடத்தில் நடுவில் குறுக்கிடாமல் கேட்டது அன்றுதான்.

"கம்பனி ஒழுங்காச் சொல்லியிருக்கு," என்றார் கடைசியில். "நான்தான் மாலை போட்டனான்."

வெளியே ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினான். எங்கள் கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அண்ணை சாவியை எடுத்துக்கொண்டு போனார், கதவைத் திறந்தார், ஆனால் ஏறவில்லை. "கம்பனி ஓட்டாதை எண்டு சொன்னாப் பிறகு நான் ஓட்டமாட்டன்."

"அப்ப என்னங்க, பறந்தா போவும்?" என்றார் மிசியே.

"தள்ளுவம்."

அண்ணை வெளியே நின்று யன்னலுக்குள்ளால் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் மிசியே, தேத்தண்ணிக் கடைக்காரர், மரக்கறிக் கடையில் இரண்டு பேர், கோபம் தாங்காமல் இறங்கிவந்த லொறிக்காரன். விசயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், அத்தனை பேரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளினார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மூலையில் இருந்த வடைக்கடைக்காரர், வருடா வருடம் அந்தத் தெருவில் பிள்ளையார் தேர் வரும் பழக்கத்தில், என்ன ஏது என்று கேட்காமல் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து முன்னால் உடைத்தார். கார் நகர, சனமும் சேர்ந்து நகர்ந்தது. கம்பனியின் சரித்திரத்துக்கு நேர் எதிர். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. நிலானி என் கையை விடவில்லை.

கராஜ்காரர்கள் வந்து காரை இழுத்துக்கொண்டு போய், ஏர்பாக்கை மாற்றித் தந்தார்கள். நான் அண்ணையோடு பேசவில்லை. என் மேசையிலிருந்து எதிர்ச் சுவரைப் பார்க்க முடியாதென்று இரண்டு சனிக்கிழமை கடைக்கே போகவில்லை. அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் வாரம் அண்ணையிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "தங்கச்சி, பெரிஃபெரிக்கிலை ஒரு சுத்து ஓடிட்டன். தனிய. என்ரை மூஞ்சை இருக்கு." வைத்துவிட்டார். அடுத்த நாள், "இன்னும் ஒரு சுத்து. மூஞ்சை இருக்கு." பிள்ளைக்கு மிச்சமிருந்த நூற்றி நாற்பது கிலோமீட்டரையும் முதலில் தான் தனியாக ஓடிக் காட்டினார். நாலு நாள், நாலு அழைப்பு. நாலாம் நாள் நான் கேட்டேன், "அண்ணை, சாப்பிட்டியளோ?" அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நிலானி மிச்சத்தையும் அவரோடு ஓடினாள். நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் சரித்திரத்தைத் தொடங்கவேயில்லை. பாதி வழியில் நானே, "அந்த யுத்தத்துக்குப் பிறகு என்னண்ணை நடந்தது?" என்று கேட்கவேண்டியிருந்தது. பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள்.

போன மாதம் அண்ணை கடையைத் தன் அக்கா மகனிடம் விட்டுவிட்டு, டொரொண்டோவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். "அங்கையிருந்து கம்பனியின்ரை ஊர் நாலு மணித்தியாலம்தான்" என்று விமானம் ஏறும்வரை சொன்னார். காரை நிலானியின் பெயருக்கு மாற்றித் தந்திருந்தார். பத்திரம் நான்தான் நிரப்பினேன். சாவியோடு ஒரு பார்சலும் தந்தார்.

உள்ளே ஒரு சட்டம், கடையில் இருந்ததிலேயே நல்லது. அதற்குள் கராஜ் தந்த அத்தாட்சி: ஏர்பாக் மாற்றப்பட்டது, வாகனத்தை ஓட்டலாம். மஞ்சள் இல்லை, சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, மாலையும் இல்லை. பின்புறத்தில் பேனையால் எழுதியிருந்தார்: 'தங்கச்சி, பொட்டு வைக்கேல்லை. வாசியும்.'

நிலானி காரை எடுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்கிறேன். அவள் வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கை தானாகக் குவிந்துவிடுகிறது. கம்பனியை நினைத்து அல்ல, அண்ணையை நினைத்து.