செப்பு வாஷரும் ஒரு ‘புஸ்’ஸும்

புதிய இன்ஜெக்டர் போட்ட லாரி முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது. புகை இல்லை, தட்டல் இல்லை. சின்ன மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தினார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"புஸ்... புஸ்..."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே இறங்கிவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் பரவாயில்லை. தன் லாரி ரிப்பேர் ஷெட்டின் சாவியை இரண்டு மாப்பிள்ளைகளில் யாரிடம் ஒப்படைப்பது என்று மாமனார் இன்று சாயங்காலம் முடிவு செய்யப் போகிறார். மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கும் தன் பழைய லாரிக்குப் பெரிய இன்ஜெக்டராக மாற்றித் தரச் சொன்னதே அதற்கான பரீட்சைதான். பெரிய மாப்பிள்ளைக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. காக்கா பிடிக்க நன்றாகத் தெரியும். அந்தப் பயம்தான் சின்னவருக்கு.

இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் கொண்டுவந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"வாஷர் அடைக்கலை. உள்ளேருந்து காத்து கசியுது."

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்காரும் குழியின் அடியில் மோதிரம் மாதிரி ஒரு செப்பு வாஷர் உண்டு. உள்ளே எரிகிற வாயு மேலே வராமல் அடைப்பது அதன் வேலை. இன்ஜெக்டரின் மூக்கு எவ்வளவு தூரம் உள்ளே நீட்டலாம் என்பதையும் அதன் தடிமன்தான் தீர்மானிக்கும். கடைக்காரர் மூன்று தடிமனில் கொடுத்து, "இந்த இன்ஜெக்டருக்கு நடுத்தரம்தான்" என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நடுத்தரம்தான் போட்டிருந்தது.

மறுபடி ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் ‘புஸ்’ வந்தது. கண்ணை நம்புவதா, காதை நம்புவதா? காதை நம்பி, இன்ஜினை அணைத்தார்.

மதில் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டில் பீரோவுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்.

"நிறுத்திட்டீங்களாண்ணே? நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஒரு சின்ன வேலை இருக்கு."

"மறுபடி எப்பண்ணே ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான்ணே. ஓடினா கேக்க நல்லா இருக்கு."

தலை மறைந்தது. சின்ன மாப்பிள்ளை மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். "இவன் உங்க அக்கா வீட்டுக்காரரோட ஒற்றன். என் வேலை எப்பக் கெட்டுப்போகும்னு காத்துக்கிட்டிருக்கான்."

"அட, நீங்க ஒண்ணு! அவரோட மெஷின் சத்தம் தாங்கலைன்னு மாடி வீட்டம்மா சண்டைக்குப் போனதுலேருந்து அவருக்குத் தொழிலே படுத்துக்கிச்சு. பாவம், பொழுது போகலை."

அவர் காதில் அது ஏறவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றி, தடிமனான வாஷரைப் போட்டார். மூக்கு மேலே ஏறிக்கொண்டது. லாரி கரும்புகையைக் கக்கியது. கொடியில் காய்ந்த வெள்ளைத் துணியெல்லாம் துக்கம் கொண்டாடியது.

"புஸ்... புஸ்..."

மெல்லிய வாஷருக்கு மாறினார். மூக்கு உள்ளே இறங்கி, இன்ஜின் டக்குடக்கென்று தட்ட ஆரம்பித்தது. பிஸ்டனுக்கு ஆபத்து என்று பதறிப்போய் அணைத்தார்.

"அதுக்குள்ள அணைச்சிட்டீங்களேண்ணே!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, எந்த மெக்கானிக்கும் வெளியே சொல்ல வெட்கப்படும் காரியத்தைச் செய்தார். தடியன் மேல் ஒல்லியை வைத்து, இரண்டிரண்டாகப் போட்டார். இந்தத் தடவை சோப்புத் தண்ணீரில் குமிழி பொங்கிப் பொங்கி வந்தது. ஒழுகாத இன்ஜினை அவரே ஒழுக வைத்துவிட்டார். ‘புஸ்’ மட்டும் போகவில்லை.

கடைசியில் கையில் நசுங்காமல் மிஞ்சியது ஒன்றுமில்லை. காலையில் கழற்றிப் போட்ட அதே நடுத்தர வாஷர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செப்பு இளகிக்கொடுக்கும். ஒருமுறை போட்டதை மறுபடி போடக்கூடாதுதான், ஆனால் வேறு வழியில்லை.

மனைவி இடுப்பில் கை வைத்தாள். "எனக்கு ஒரு மோதிரம் கேட்டு எத்தனை வருஷமாச்சு? லாரிக்குன்னா மோதிரத்தை அடுப்புல வச்சுக் காய்ச்சுறீங்க!"

"சாவி கைக்கு வரட்டும், செஞ்சு போடுறேன்."

"வரும், வரும். அந்த இடுக்கியைக் கழுவி வைங்க."

அவர் கடைசி நட்டை முடுக்கும்போது மாமனார் வந்துவிட்டார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே பெரிய மாப்பிள்ளை.

"போடுங்க மாப்ளே, பாப்போம்" என்றார் மாமனார்.

லாரி ஸ்டார்ட் ஆயிற்று. புகை இல்லை, தட்டல் இல்லை, சோப்புத் தண்ணீரில் குமிழி இல்லை. மாமனார் முகம் மலர்ந்தது. சின்ன மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புஸ்... புஸ்..."

மலர்ந்த முகம் சுருங்கியது. "வாஷர் அடைக்கலையே, மாப்ளே?"

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு மாமா" என்றார் பெரிய மாப்பிள்ளை, யாரும் கேட்காமலே.

சின்ன மாப்பிள்ளை வண்டிக்குள் கையை நீட்டினார். எட்டி இன்ஜினை அணைத்தார். இத்தனை வருஷம் பிடித்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"எல்லாத் தடிமனும் போட்டுப் பாத்துட்டேன் மாமா. எனக்கு வேலை தெரியலை. சாவியை அவருக்கே குடுத்துருங்க."

மாமனார் பெருமூச்சு விட்டு மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பெரிய மாப்பிள்ளையின் உள்ளங்கை ஏற்கெனவே விரிந்திருந்தது. சாவி பாதி வழியில் இருக்கும்போது மதில் சுவருக்கு மேலே அந்தத் தலை எழுந்தது. முடி, புருவம், மீசை எல்லாம் ஒரே நீலம்.

"பீரோல இன்னும் ஒரு கதவுதான்ணே பாக்கி, அதுக்குள்ள அணைச்சிட்டீங்களே! உங்க வண்டி ஓடினாத்தானே மாடி வீட்டம்மா காதுல விழாம நான் ஸ்ப்ரே அடிக்க முடியும்?"