மஞ்சள் வைத்த ஸ்டிக்கர்

அரைகுறையாகப் படித்தவர்கள்தான் சொதப்புவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முழுசாகப் படித்துவிட்டுச் சொதப்பியவள்.

அப்போது இலஞ்சியில் டீச்சராக இருந்தேன். குற்றாலம் சீசனுக்குச் சர்பத் கடை போடலாம் என்று தோன்றியதும் (எனக்குத் தோன்றினால் தோன்றியதுதான்) வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பழைய குற்றாலம் ரோட்டில் இடமும் பிடித்தாயிற்று. நன்னாரி போதும் என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊரு பூரா நன்னாரிதான் விக்குது. நாம வேற மாதிரி செய்வோம்" என்று மலேசியாவிலிருந்து நாற்பது பெட்டி சிரப் வரவழைத்தேன். லிச்சி, ரோஸ், அப்புறம் பார்த்தாலே பல் கூசுகிற ஒரு நீலம். கப்பல் கரைக்கு வருமுன்னே, வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு என்று சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லியும் விட்டேன்.

சரக்கு தூத்துக்குடியில் இறங்கியது. பாட்டிலில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, உணவு லைசென்ஸ் நம்பர், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இல்லாமல் வெளியே விடமாட்டார்கள். நல்லவேளை, இவற்றை மட்டும் சுங்கக் கிடங்குக்குள்ளேயே ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ள விதியில் இடம் உண்டு.

"யக்கா, ஸ்டிக்கரை நல்ல பிரஸ்ல குடுத்து அடிச்சிருங்க" என்றார், சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுத்த ஏஜென்ட்.

"பிரஸ்ல எழுத்துப்பிழை விட்டுருவாங்க அண்ணாச்சி. விதியெல்லாம் எனக்கு மனப்பாடம். நீங்க கவலைப்படாதிய."

வீட்டுப் பிரிண்டரிலேயே அடித்தேன். ஒரு பிழை கிடையாது. மறுநாள் காலையில் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் நாலு மூலையிலும் தடவ உட்கார்ந்தேன்.

"ஏட்டி, கவர்மெண்டு ஸ்டிக்கருக்கு எதுக்கு மஞ்சள்?" என்றார் வீட்டுக்காரர்.

"புதுச்சட்டைக்கு வைக்குதோம்லா? மொத தடவை இம்போர்ட்டு பண்ணுதோம். சும்மா ஒட்டுனா வெளங்குமா?"

ஈரம் காயுமுன்னே எல்லாத் தாளையும் அடுக்கிப் பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

கிடங்கில் பையைப் பிரித்தேன். என் பெயர் இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் ஓடியிருந்தது. லைசென்ஸ் நம்பரில் இருப்பது மூன்றா எட்டா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பச்சைப் புள்ளி எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது. அப்போதாவது நிறுத்தினேனா? "கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா தெரியுது" என்று ஏஜென்டையும் சேர்த்துக்கொண்டு அத்தனை பாட்டிலிலும் ஒட்டி முடித்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். ஒரு பாட்டிலைத் தொட்டார். விரல் மஞ்சளானது. மோந்து பார்த்தார்.

"என்ன மேடம் இது?"

"மஞ்சள்."

"மூலப்பொருள் பட்டியல்ல மஞ்சள் இல்லையே?"

"அது உள்ள இல்ல மேடம், வெளிய மட்டுந்தான்."

ஏஜென்ட் அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார்.

"லேபிள்ல எழுத்து எப்படி இருக்கணும்னு தெரியுமா?"

தெரியாதா எனக்கு! "தெளிவாக, எளிதில் படிக்கும்படியாக, அழியாமல்..." என்று ஒப்பித்தேன். 'அழியாமல்' வரும்போது குரல் தானாக இறங்கிவிட்டது.

"சரி, இந்த நம்பரைப் படிங்க."

படிக்க முடியவில்லை. இருபது வருஷம் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள், பாட்டிலும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றேன். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, அழியாத மையில் அடித்து ஒட்டி, மறுபடி ஆய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். போன வேலை திரும்ப வருமா? வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு எதை ஊற்றிக் கொடுப்பது?

"அழாத. வெள்ளிக்கிழம கட தொறக்கும்" என்றார் வீட்டுக்காரர். இறங்கினதும் செங்கோட்டைக்குப் போய் நன்னாரி சிரப் வாங்கி வந்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. (அதை அடுத்த மாசத்திலிருந்து தினமும் சொன்னார்.)

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. நன்னாரிதான் விற்றது, இன்றைக்கும் அதுதான் விற்கிறது. மலேசியச் சரக்கு வெளியே வந்தபோது சீசன் முடிந்து அருவி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் நாக்கு நீலம்.

போன தையில் கொழுந்தன் கல்யாணம். பத்திரிகைக் கட்டை எடுத்து வைத்து, மஞ்சளில் விரலைத் தொட்டேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது.

"ஏட்டி, முகூர்த்த நேரத்த அழிச்சிராத! பொறவு மாப்பிள்ளைய கெடங்க விட்டு வெளிய விட மாட்டாவ!"

வீடே சிரித்தது. ஒரு பத்திரிகையை மட்டும் தனியே எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில், ஈர விரலால் கொழுந்தன் பெயரை நன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை. அதற்குப் பிறகுதான் மஞ்சள் வைத்தேன்.