மாயாண்டி போட்ட வெள்ளைக்கோடு

"டமார்!"

பரிசோதனைக் கொட்டகையே அதிர்ந்தது. காரின் பின்னால் புகை அளக்கும் கருவியைச் செருகிக்கொண்டிருந்த இளைஞர் இரண்டடி துள்ளி விலகினார். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கரும்புகை கலைந்தபோது, கூண்டில் ஏறிய குற்றவாளிபோல் மாயாண்டி நின்றிருந்தார்.

'காகால்' என்று சிவப்பு முத்திரை குத்திய தாள் கைக்கு வந்தது. கார் தேறவில்லை. இது இரண்டாவது தடவை.

மலேசியாவின் ஈப்போ நகரில் மெக்கானிக்கான அவருக்குக் 'காது மாயாண்டி' என்று பெயர். பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை மட்டும் கேட்டு, எஞ்சின் டைமிங் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷத்துப் பெயர். அது இப்போது புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

காரின் சொந்தக்காரர் விஸ்வலிங்கம். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. அவர் பக்கத்து வீட்டுத் தபால்பெட்டியை இரண்டாம் முறையாக இடித்துச் சாய்த்த அன்றே, மனைவி சந்திரமதி அந்தப் பழைய காரை விற்க ஏற்பாடு செய்துவிட்டார். வாங்குபவர் சித்தியவானில் ஓர் ஆசிரியர். பெயர் மாற்ற வேண்டுமானால் கார் இங்கே தேறியாக வேண்டும்.

"மன்னிச்சிருங்கய்யா. காலையில பட்டு மாதிரி ஓடுச்சு."

"நீர் ஏன் மன்னிப்புக் கேக்கிறீர்?" விஸ்வலிங்கம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். "வயசான வண்டிதானே. அடுத்த கிழமை பாப்பம்."

திட்டியிருந்தாலாவது தேவலை. அந்தப் பெருந்தன்மை மாயாண்டியைக் கூனிக் குறுக வைத்தது.

எதிரே தேநீர்க் கடை போட்டிருந்த புனிதா வேறு குரல் கொடுத்தாள். "என்னண்ணே, தீபாவளி இந்த வருசம் சீக்கிரம் வந்திருச்சா?"

"சும்மா இருலா தங்கச்சி."

பட்டறைக்கு வந்து பானெட்டைத் திறந்தவருக்கு வியர்த்தது. டைமிங் வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அரை விரல் அளவு திரும்பியிருந்தது. முடுக்க மறந்துவிட்டோமா? முப்பது வருஷத்தில் நடக்காதது!

"கண்ணாடி போடுங்கன்னு நாலு வருசமா கத்துறேன்," என்றாள் மனைவி இருளாயி. "காதுக்குப் பேரு இருந்தா கண்ணு தெரிஞ்சிருமா?"

மறுநாளே கண்ணாடி வாங்கினார். பிளக்கை மாற்றினார். பெல்ட்டையும் மாற்றினார். காதை நம்பாமல் விளக்கு வைத்து டைமிங் பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டரை முடுக்கி, அதிலிருந்து எஞ்சின்வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடும் இழுத்தார். இம்மி நகர்ந்தாலும் கோடு பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். சாட்சிக்கு இருளாயியையும் கூப்பிட்டார்.

"பாத்துக்க, முறுக்கிட்டேன்."

"பாத்துட்டேன்."

"இன்னொரு வாட்டி நல்லாப் பாரு."

"இதுக்கு மேல பாக்கணும்னா நான் அந்த எஞ்சினுக்குள்ளதான் குடியிருக்கணும். சாப்பிட வாங்க!"

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பரிசோதனை. கார் பூனைபோல் சத்தமில்லாமல் வந்து வரிசையில் நின்றது. மாயாண்டியின் காது குளிர்ந்தது.

"என்ர முழங்கால் சரியில்லை," என்றார் விஸ்வலிங்கம் வழக்கம்போல். "ஃபாரத்தை நீரே குடுத்திட்டு வாரும். நான் வண்டிக்குக் காவல் இருக்கிறன்."

கவுண்டரில் கால் மணி நேரம். திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் கார் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. கொட்டகைக்குள் போனதும் "டமார்! டமார்!" இந்த முறை இளைஞர் தயாராகக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

காகால்.

தேநீர்க் கடை ஓரம் காரை நிறுத்திப் பானெட்டைத் தூக்கினார் மாயாண்டி. வெள்ளைக்கோடு இரண்டாகப் பிளந்து பல்லைக் காட்டியது. இரும்பு தானாக நகராது. முறுக்கிய கைதான் தளர்ந்துவிட்டது. வேறென்ன?

விஸ்வலிங்கம் கைபேசியை மூடினார். "சித்தியவான் மாஸ்டர் வேண்டாமெண்டிட்டார். போகட்டும், வண்டி வீட்டிலையே நிக்கட்டும். நீர் மனசை விடாதையும்." ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கழிப்பறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

மாயாண்டி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். லாரிக்காரர்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தங்கச்சி, ஒரு தே ஓ குடு. நாளைக்கு போர்ட கழட்டிறேன். இனிமே எஞ்சின் தொட மாட்டேன். டயர் மட்டும் மாத்திக்கிட்டுக் கெடக்கேன்."

புனிதா பால் கலக்காத தேநீர்க் கிளாஸை அவர் முன் வைத்தாள். இன்றைக்கு அவளுக்கும் கேலி வரவில்லை.

"எனக்கு எஞ்சினப் பத்தி என்னண்ணே தெரியும்? ஆனா மூணு வாட்டியும் நீங்க கவுண்டருக்குப் போனதும், அந்தப் பெரியவரு காலுறைக்குள்ளேருந்து ஸ்பேனர எடுத்து, பானெட்ட தொறந்து திருகிட்டு, கைய தொடச்சிட்டு நல்ல புள்ளையா போய் உக்காந்துக்கிறாரே, உங்க வேலை மேல அவருக்கு அவ்வளவு சந்தேகமா?"