ஹார்மோன்காரரின் சும்மா வரிசை

செஞ்சியில் கோட்டைக்கு அடுத்தபடி அசைக்க முடியாத ஒன்று உண்டென்றால், அது ஹார்மோன்காரரின் பிடிவாதம்தான். சிங்கவரம் சாலையில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். அதற்கு முன் ஏதோ ஒரு கல்லூரியில் வேதியியல் லேப் அசிஸ்டென்ட். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கடைக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

கோட்டைக்கு வழி கேட்டுக் காரை நிறுத்துகிறவர்களைக்கூட விடமாட்டார். "மண்ணுல இருக்குற கிருமி வேர் வழியா ஏறி கத்தரிய வாட வைக்குது சார். நம்முளுது அத கொல்ற மருந்து இல்ல. செடிக்குள்ளயே இருக்குற ஹார்மோன். முன்கூட்டியே கொஞ்சமா ஊத்தினா செடி உஷாராயிடும், தானே சண்ட போடும்" என்று ஆரம்பிப்பார். பாவம், அவர்கள் மலையேறும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

நாற்றும் அந்த மருந்தும் வாங்கப் போனால் இன்டர்வியூ நடக்கும்.

"அளவுக்கு மேல ஊத்துவியா?"

"மாட்டேங்க."

"ஊத்துவ. மூஞ்சிலயே தெரியுது. கூட ஊத்தினா செடி சண்டையே போட்டுக்கினு கெடக்கும், வளர மறந்துடும். போய்யா!"

இப்படி வெறுங்கையோடு திரும்பிய ஒரு வல்லத்துக்காரரை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் நிலத்தில் இரண்டு தடவை கத்தரி காய் பிடிக்கிற நேரத்தில் வாடிப்போயிருந்தது. சென்னை வேலையை உதறிவிட்டு விவசாயம் பண்ண வந்தவன் நான். நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த தபாவும் வாடுச்சின்னா சவுக்கு நட்டுடுவேன். நீ பொட்டிய கட்டிக்கினு மெட்ராசுக்கே போயிடு."

வேறு வழியில்லாமல் ஹார்மோன்காரரிடம் சரணடைந்தேன். இன்டர்வியூவில் எப்படியோ தேறினேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வயலுக்கு நடுவில் ஒரு வரிசைக்கு மட்டும் மருந்தே ஊற்றக்கூடாதாம். அதற்குப் பெயர் சும்மா வரிசை.

"அது செத்துப்பூடுமே?" என்றார் நைனா.

"சாவணும். அப்பதான மருந்து வேல செஞ்சுதுன்னு ஊரு நம்பும்?"

"இன்னா ஆளுய்யா நீ! நாலு புள்ளைல ஒண்ண மட்டும் பட்டினி போட சொல்றியே!"

மற்ற வரிசைகளுக்கெல்லாம் வேரடியில் டம்ளரால் அளந்து ஊற்றினோம். அன்றிலிருந்து தினமும் மொபெட்டில் வந்து இறங்குவார். இறங்கும்போதே, "வாடுச்சா?" என்பார், பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி. இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். நைனா அவரைக் கண்டாலே பல்லைக் கடிப்பார்.

காய் பறிக்கும் நாள் வந்தது. வயல் முழுக்க இடுப்பளவு செடி, கொத்துக் கொத்தாகக் காய். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. சும்மா வரிசை மட்டும் சாகவுமில்லை, வளரவுமில்லை. முழங்கால் உயரத்தில் முறைத்துக்கொண்டு நின்றது.

ஹார்மோன்காரர் அதை மூன்று சுற்று சுற்றினார். "மருந்தே ஊத்தாத செடி, மருந்து கூடிப்போன மாதிரி குட்டையா நிக்குது. இன்னா பண்ணீங்க?"

நைனா தொண்டையைச் செருமினார். "செடிக்கு ஒரே ஒரு டம்ளர்தாம்பா. பாக்க பாவமா இருந்துச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நைனா, நானும் ஊத்திட்டேன். அது வாடி, மத்ததுக்கும் பரவிடுச்சின்னா நான் மெட்ராசு போவணுமே?"

இரண்டு பேரும் திட்டு வாங்கத் தயாராக நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் ஊத்துனது மூணாவதா?"

நைனா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு நாளு எல தொங்கிக்கினு இருந்துச்சி. பாத்துட்டு சும்மா போவ முடியல" என்றார் ஹார்மோன்காரர், தரையைப் பார்த்து.

சவுக்குப் பேச்சை நைனா அன்றோடு விட்டுவிட்டார். நானும் ஊரோடு தங்கிவிட்டேன். ஹார்மோன்காரருக்குத்தான் ஊரிடம் காட்ட ஒரு செத்த செடிகூட மிஞ்சவில்லை. இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். தன் பேச்சை நிரூபிக்க ஒரு கத்தரிச் செடியைக்கூடச் சாகவிடாத அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.