குமிழ் இல்லாத ஸ்பீக்கர்

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டில் ஒரே சட்டம்: ஆம்ப்ளிஃபையரின் ஒலிக் குமிழை வீட்டுத் தலைவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தெருவே அவரை 'சவுண்டு சார்' என்றது. அது கேலி என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மாலை ஆறுக்குக் குமிழ் வலப்பக்கம் திரும்பும். பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கும் மனைவி, புத்தகத்தோடு சமையலறைப் பக்கம் திரும்புவாள்.

ஒருநாள் அவர் பெரிய மனது பண்ணினார்.

"ஆம்ப்ளிஃபையரை ஆபீஸ் நண்பனுக்குக் கொடுத்துட்டேன். ஆக்டிவ் ஸ்பீக்கர் வருது."

"அப்படின்னா?"

"ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கும். தனிப் பெட்டி கிடையாது, ஒயர் காடு கிடையாது. ஹால்ல இடம் மிச்சம். எல்லாம் உனக்காகத்தான்!"

"எனக்காகவா?"

"சத்தியமா!"

சத்தம் இரண்டு மடங்கு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு தடித்த கையேடு. அதை இரண்டு விரலால் தூக்கி மனைவியிடம் நீட்டினார்.

"நீயே படிச்சு செட் பண்ணிடு. எனக்கு அவ்வளவு பொறுமையில்ல."

கையேடு படிப்பது மனைவியின் வேலை. படித்ததை நண்பர்களுக்கு விளக்குவது கணவரின் வேலை. கேட்டால் 'சின்ன விஷயம்' என்பார். சின்ன விஷயம்தானே, அவரே படித்திருக்கலாமே! அவளோ அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த பொடி எழுத்தையே ஒரு வரி விடாமல் படிக்கிறவள்.

இருபதே நிமிடத்தில் ஸ்பீக்கர் பாடியது. அவர் குமிழைத் தேடினார். முன்னால் இல்லை. பின்னால் இல்லை. தரையில் படுத்து அடியிலும் பார்த்தார்.

"குமிழ் எங்கே?"

"இதுல கிடையாதுங்க. எல்லாம் ஃபோன்லதான். உங்க ஃபோன்லயும் போட்டிருக்கேன்."

திரையில் இருந்த ஒலி அளவுக் கோட்டை விரலால் தள்ளினார். நூற்றுக்கு இருபதில் நின்றது. மீண்டும் தள்ளினார். அசையவில்லை.

"மிஷின் கோளாறு! திருப்பி அனுப்பு!"

"கோளாறு இல்லைங்க. முதல்ல சேர்ற ஃபோன்தான் உரிமையாளர்னு எட்டாம் பக்கத்துல போட்டிருக்கு. மத்தவங்களுக்கு எவ்வளவு சத்தம்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

"உன் ஃபோனை எதுக்கு முதல்ல சேர்த்தே?"

"எனக்காகன்னு நீங்கதானே சொன்னீங்க? சத்தியம் வேற பண்ணீங்க."

"உடனே மாத்து!"

"மாத்தறேன். தேர்வு முடியட்டும்."

"எப்போ முடியும்?"

"நான் பாஸானதும்."

ஹாலில் மிச்சமான இடத்தில் மேசையைப் போட்டு, அவள் புத்தகத்தை விரித்தாள். மணி ஆறு. அவர் கையிலிருந்த ஃபோன் மெல்ல அதிர்ந்தது.

'விருந்தினர் சவுண்டு சார்: உங்கள் ஒலி அளவு ஐந்தாகக் குறைக்கப்பட்டது.'