அரையடி வெளியே நீட்டிய மூலைவிட்டம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை ஒப்புக்கொள்ள ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. மற்ற பெண்கள் நகையைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் ஒருத்தி போட்ட வட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கரும்பலகையில் வெறுங்கையால் போட்ட சாக்பீஸ் வட்டம்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். கற்பித்தல் பயிற்சிக்காக அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னையும் பூங்கொடியையும் அனுப்பினார்கள். பூங்கொடி உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். (இன்றைக்கு அவளை ‘அவள்’ என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. காரணம் பின்னால் வரும். அன்றைக்கு மனதுக்குள் ‘அவள்’ என்றுதான் சொன்னேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.)

அவள் கரும்பலகைக்கு முன்னால் நின்று தோளிலிருந்து கையை ஒரு சுற்றுச் சுற்றுவாள். வட்டம் வந்துவிடும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். நான் பெரிய மரக் காம்பஸை வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாலும் கத்தரிக்காய்தான் வரும். பிள்ளைகள் என்னிடமே வந்து, “ஏனுங்க டீச்சர், பூங்கொடி டீச்சர் எப்பங்க வருவாங்க?” என்று கேட்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. கேள்விதான் வயிற்றெரிச்சல்.

அவளோடு எனக்கு வேறு எந்தச் சண்டையும் இல்லை. அதுவே ஒரு குறை. சண்டை போடுகிற மாதிரி அவள் எதையாவது செய்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

இப்படிப் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “வர்ற ஜூன்ல எனக்கு ஒரு கணக்கு டீச்சர் வேணுமுங்க. புறத்தேர்வாளர் வர்ற அன்னிக்கு நானும் வந்து உக்காருவேன். நல்லா நடத்துறவங்களை எடுத்துக்கறேன்” என்றார்.

அந்தப் பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வீட்டில் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: “வேலை கெடச்சா போ கண்ணு. கெடைக்கலையா, ஈரோட்டுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கறாங்க, முடிச்சுப்போடலாம்.” ஈரோட்டு மாப்பிள்ளை மஞ்சள் வியாபாரி. போட்டோவில் அவர் சட்டைகூட மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஆக, ஒரு பக்கம் கரும்பலகை, இன்னொரு பக்கம் மஞ்சள் மூட்டை. நடுவில் பூங்கொடி.

வெளியாள் வந்து நம் பாடத்துக்கு மார்க் போடுகிற புறத்தேர்வு என்றால் துணைக்கருவி வேண்டும். சார்ட் மட்டும் போதாது, கையில் எடுத்துக் காட்டுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். பூங்கொடிக்கு ஏழாம் வகுப்பு நாற்கரங்கள். அவள் இரண்டடி நீளத்தில் நாலு ரீப்பர் கட்டைகளை வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, நாலு மூலையிலும் போல்ட் போட்டு ஒரு சதுரம் செய்திருந்தாள். கட்டைகள் போல்ட்டில் சுற்றக்கூடியவை என்பதால் அது தானாக நேராக நிற்காது. நிற்பதற்காகக் குறுக்கே, மூலைக்கு மூலை, சிவப்பு பெயின்ட் அடித்த ஐந்தாவது கட்டை ஒன்று. அதுதான் மூலைவிட்டம்.

எனக்கு ஆறாம் வகுப்பு, கோணத்தின் வகைகள். எனக்கு ரீப்பர் கட்டையெல்லாம் போதுமா? என் அண்ணன் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்தான். “ரெண்டு கை வெச்ச பெரிய கோணமானி ஒண்ணு செஞ்சு குடுண்ணா. அவளுது மரம், என்னுது இரும்பா இருக்கோணும்” என்றேன். அண்ணன் யார் அவள் என்றுகூடக் கேட்கவில்லை. இரும்பு என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

தேர்வு அன்று சீக்கிரமே பள்ளிக்குப் போனேன். துணைக்கருவிகள் எல்லாம் ஆய்வகத்தில் இருந்தன. உள்ளே யாரும் இல்லை. மஞ்சள் சதுரம் சுவரில் சாய்ந்து நின்றது. அவ்வளவு அழகாகச் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூலைவிட்டத்தின் இரண்டு நட்டும் கையாலேயே கழற்றக்கூடியவை. என் விரல்கள் எப்போது அங்கே போயின என்று இன்றும் எனக்குத் தெரியாது. (இது பொய். நன்றாகத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுத்தான் கழற்றினேன்.)

சதுரத்தைச் சாயாதபடி சுவரோடு அணைத்து நிறுத்திவிட்டு, சிவப்புக் கட்டையை என் சார்ட்டுக்குள் வைத்துச் சுருட்டினேன். சார்ட் இரண்டடிக்கு மேல் நீளம், சதுரத்தின் பக்கம் இரண்டடி, அப்புறம் என்ன, கட்டை உள்ளே மறைந்துவிடும் என்பது என் கணக்கு. மறையவில்லை. அரையடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் மிக நீளமான பக்கம் என்பதை எட்டாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை நான் எத்தனை தடவை எழுதி மார்க் வாங்கியிருப்பேன்! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அது தேவைப்பட்டபோது மறந்துபோனேன். நீட்டிய முனைக்குக் கைக்குட்டையைக் கட்டி, சுருளை ஒயர் கூடையில் செருகி, வகுப்புக்கு வெளியே வராந்தாவில் வைத்தேன்.

முதல் பாடம் பூங்கொடிக்கு. தலைமையாசிரியையும், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த புறத்தேர்வாளரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் கடைசி பெஞ்சில், குறிப்பெடுக்கிற பாவனையில்.

பூங்கொடி அவசரத்தில் சதுரத்தை மார்போடு அணைத்தபடியே தூக்கி வந்து, மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தாள். அது மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வகுப்பே சிரித்தது. நான் நோட்டைக் கொண்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் குறுக்கே பார்த்தாள், கட்டை இல்லை. பிறகு சாய்ந்ததைப் பிடித்து நிமிர்த்தாமல், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

“சாஞ்சிருச்சுங்களா? சரி, பக்கமெல்லாம் நீளம் மாறியிருக்குதான்னு அளந்து பாருங்க.”

ஒரு பெண் ஸ்கேலோடு ஓடி வந்து அளந்தாள். “இல்லீங்க டீச்சர், நாலும் அதே அளவுதானுங்க.”

“அப்ப எதுதான் மாறுச்சு?”

“மூலைங்க டீச்சர். ஒரு மூலை ஒடுங்கிருச்சு, ஒரு மூலை விரிஞ்சிருச்சு.”

“அந்த மூலைக்குப் பேரு?”

“கோணமுங்க” என்று வகுப்பே கத்தியது.

அவ்வளவுதான். நாலு பக்கமும் சமம், நாலு கோணமும் தொண்ணூறு பாகை என்றால் சதுரம். பக்கம் சமமாக இருந்து கோணம் சாய்ந்துவிட்டால் சாய்சதுரம். சதுரத்தைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடியும் சாய்த்து அவள் காட்டக் காட்டப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். புறத்தேர்வாளர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். மூலைவிட்டத்தோடு இருந்திருந்தால் அந்தச் சட்டத்தால் இதில் பாதியைக்கூடக் காட்டியிருக்க முடியாது. நான் கைக்காசு செலவில்லாமல் அவளுக்கு உலகத்திலேயே சிறந்த துணைக்கருவியைச் செய்து கொடுத்திருந்தேன்.

“சரி, இது சாயாம நிக்கோணுமுன்னா என்ன பண்ணலாம்?” என்றாள்.

ஒருத்தி எழுந்தாள். “குறுக்க ஒரு கட்டை அடிக்கோணுமுங்க. எங்க ஊட்டு ஆட்டுப்பட்டிப் படலுக்கு எங்கப்பா அப்படித்தானுங்க அடிச்சிருக்காரு.”

புறத்தேர்வாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பிரமாதம். இப்ப ஒரு கட்டை மட்டும் கெடச்சா நிறுத்திக் காட்டிரலாமே” என்று சுற்றிலும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் என் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மொபெட்டில் என் இரும்புக் கோணமானியைக் கட்டிக்கொண்டு வந்து, வராந்தாவில் என் கூடைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, பாடத்தை ரசித்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் ஸ்பேனர்.

“ஒரு நிமிசமுங்க. எந்தங்கச்சி கூடையில ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்குது, ஆகுமான்னு பாக்கறேன்” என்றான்.

நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வதாக இருந்தேன் என்று தெரியவில்லை. அதற்குள் அவன் கைக்குட்டையை அவிழ்த்து, சார்ட்டை உதறி, சிவப்புக் கட்டையோடு உள்ளே வந்துவிட்டான். சதுரத்தின் குறுக்கே வைத்தான். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

“அட, ஓட்டைகூடச் சரியா வந்திருக்குதுங்க!” என்றான் என் அண்ணன். அவன் குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். அவன் வயதுக்கு அந்த ஆச்சரியம் வந்திருக்கவே கூடாது.

தலைமையாசிரியை கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூங்கொடியும் என்னைப் பார்த்தாள்.

“நாந்தானுங்க கலாமணிகிட்டக் குடுத்து வெச்சிருந்தேன். கடைசியில போட்டுக் காட்டலாமுன்னு” என்றாள் பூங்கொடி, என்னைக் காட்டிப் புறத்தேர்வாளரிடம்.

“ஓ, கூட்டு முயற்சி” என்று அவர் என்னைப் பார்த்தும் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார். என்னைக் காப்பாற்றிவிட்டாள். நியாயமாக எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்ததோ, இவளுக்கு இந்தக் குணமும் இருக்கிறதே என்ற புதுப் பொறாமை. வட்டம் ஒன்றுக்கே வெந்துகொண்டிருந்தவள் நான்.

அடுத்து என் பாடம். கோணமானியைத் தூக்கி மேசையில் வைக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நான் அதன் ஒரு கையை உயர்த்தி அறுபது பாகையில் வைத்து, “இது குறுங்கோணம்” என்று சொல்லிப் பிடியை விட்டேன். கை சர்ரென்று இறங்கிப் படுத்துக்கொண்டது. அண்ணன் ஆசையாக அதற்குள் பேரிங் போட்டு, கிரீஸ் வேறு தடவியிருந்தான். காற்றடித்தால் சுழல்கிற அளவுக்கு வழவழப்பு. எந்தக் கோணத்தில் வைத்தாலும் நிற்கவில்லை.

“டீச்சர், குறுங்கோணம் தூங்கிருச்சுங்க” என்றது முன் பெஞ்ச்.

பிறகு பாடம் முடியும்வரை நானே அந்த இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குறுங்கோணத்துக்குக் கை வலித்தது, விரிகோணத்துக்குத் தோள் வலித்தது, நேர்க்கோணம் வந்தபோது என் சேலையெல்லாம் கிரீஸ். செங்கோணம் மட்டும் கொஞ்ச நேரம் தானாக நின்றது. நன்றியோடு அதைப் பார்த்தேன். அதுவும் சாய்ந்தது. வாசலில் அண்ணனைத் தேடினேன். அவன் பூங்கொடியின் சதுரத்துக்கு நட்டு முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையால் முறுக்குகிற நட்டுக்கு எதற்கு ஸ்பேனர் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலை பூங்கொடிக்குக் கிடைத்தது. எனக்கு ஈரோடு.

அது மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். சில மாதம் கழித்து அண்ணன் அம்மாவிடம் போய், கட்டினால் பூங்கொடியைத்தான் என்று நின்றான். அம்மாவும் அப்பாவும் விசாரித்தார்கள், உடுமலைப்பேட்டைக்குப் போய்ப் பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லாம் ஒத்து வந்தது. நான் மட்டும், “அவ வேண்டாம்” என்றேன்.

“ஏங் கண்ணு, புள்ளைகிட்ட என்ன கொறை?” என்று கேட்டார் அம்மா.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வட்டம் நன்றாகப் போடுகிறாள் என்பதைக் குறையாகச் சொல்ல முடியவில்லை. வேறு வழியில்லாமல் அழுதுகொண்டே அந்தக் கட்டையைத் திருடிய கதையைச் சொன்னேன். அம்மா கேட்டு முடித்துவிட்டு, “அப்ப கொறை உங்கிட்டத்தானே இருக்குது” என்று வெற்றிலைப் பையை மூடினார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஓட்டை சரியாக வந்ததன் ரகசியம் அவனுக்கு அன்றுதான் புரிந்ததாம்.

பூங்கொடி எனக்கு நங்கையாள் ஆனார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம். அன்றோடு ‘அவள்’ போய் ‘அவர்’ வந்தது. முதல் பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்துவிட்டு நான் ஈரோட்டுக்குக் கிளம்பியபோது, அவர் வாசல்வரை வந்து வழிமறித்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “கூடையைக் காட்டுங்க அம்மணி” என்றார். வீடே குலுங்கிச் சிரித்தது. மஞ்சள் வியாபாரி மட்டும் விழித்தார், அவருக்கும் கதை சொல்லப்பட்டது.

அதிலிருந்து அதுவே வழக்கம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கூடையைக் காட்ட வேண்டும். அவர் உள்ளே கைவிட்டுத் துழாவிவிட்டு, கையை எடுக்கும்போது தேங்காயோ முறுக்கோ உள்ளே இருக்கும். வீட்டில் சாவி காணோம், கத்தரிக்கோல் காணோம் என்றால் அண்ணன் பையன் முதலில் சொல்வது, “அத்தை கூடையைப் பாருங்க.” நான் ஈரோட்டில் இருந்தாலும் அதையேதான் சொல்வானாம். கூடை பையாக மாறியது, பை சூட்கேஸாக மாறியது. சோதனை மட்டும் மாறவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் போயிருந்தேன். அண்ணன் பையனுக்குப் போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. புதுமருமகள் சென்னைக்குக் கிளம்பினாள், நான் ஈரோட்டுக்கு. இரண்டு பேரும் ஒன்றாகவே வாசலுக்கு வந்தோம். நான் வழக்கம்போலப் பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நங்கையாள் என்னைத் தாண்டிப் போய், மருமகளிடம், “பையைக் காட்டு கண்ணு” என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காட்டியது. உள்ளே கை போனது, எள்ளுருண்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின; நான் எண்ணிக்கொண்டே நின்றேன்.

எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் என்னுடையதாக இருந்த சோதனை. நேற்று வந்த பெண், ஒரு கட்டையைக்கூடத் திருடியதில்லை, அதற்கு என்ன தகுதி இருக்கிறது?

“என் பையைப் பாக்கலீங்களா?” என்று கேட்டேவிட்டேன்.

நங்கையாள் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்த அதே பார்வை. “இப்ப அந்தப் புள்ளையை ஒரு பார்வை பாத்தீங்களே அம்மணி, அன்னிக்குக் கட்டை தூக்குன மூஞ்சி அப்படியே இருக்குது” என்றார். பிறகு என் பைக்குள் கையை விட்டுச் சாவகாசமாகத் துழாவினார். மருமகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறியதும் பையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். மருமகளுக்கு வைத்ததைவிட எனக்கு நாலு எள்ளுருண்டை அதிகம்.