பாவக்குழாய்க்குள் இருந்த அட்டை

திண்டிவனம் புறவழிச்சாலையில் ஒரு கொட்டகை. வெளியே இருநூறு ஜோடி செருப்பு. உள்ளே சுவாசானந்தர்.

இருபது அடி பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? கீழே இப்படி எழுதியிருந்தது: "இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஒரே குழாய்! அதை அடைப்பது ஏழு ஜென்மப் பாவம்! கத்தியின்றி எடுத்துத் தரப்படும்."

இருப்பது ஒரே குழாய். அதையும் எடுத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. சந்தேகம் கேட்டால் பலிக்காது என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். சாமியாராவதற்கு முன் கண்டமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். குழாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

இருதயசெல்விக்கும் குழாய்களைப் பற்றித் தெரியும். கறிக்கடைக்காரி. ஆடு அறுப்பது அவள் கணவர் மரியஅந்தோணி. நாலு மாதமாக அவருக்குக் கடையிலிருந்து தெருமுனைக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. விழுப்புரத்து டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து கெட்ட ரத்தம் ஒரு தடித்த குழாயில் கிளம்பி, இரண்டாகப் பிரிந்து, இரு நுரையீரலுக்கும் போகிறது. காற்று வாங்கிச் சுத்தமாகி, நாலு குழாய் வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. திரும்பிய ரத்தம் கடக்க வேண்டிய கதவு சுருங்கிவிட்டது. ரத்தம் நுரையீரலிலேயே தேங்குகிறது. திங்கட்கிழமை வந்து படுத்தால் கதவை விரித்துவிடலாம். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து.

மரியஅந்தோணி படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாமியாரிடம் போனார்.

"ஞாயித்துக்கெழம எடுத்துர்றேன்னாரு. ஆஸ்பத்திரி வாணாம்."

"ஒரே குழாய்ன்றாரே அந்த ஆளு. தெனம் நாலு ஆட்டு நெஞ்ச தொறக்கறீங்களே, உள்ள எத்தினி குழாய் கீது?"

"அது ஆடு. மனுசனுக்கு வேற."

"எப்பிடி வேற?"

"ஆடு பாவம் பண்ணுமாடி?"

 அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. சாமியாரின் சீடன் ராஜ்குமார் தினமும் விடியற்காலையில் வருவான். இதயத்தோடு ஒட்டிய நுரையீரலாக மூன்று கேட்பான்.

"சாமி நாய் வளக்கறாருக்கா."

கொட்டகையில் அவள் நாயைப் பார்த்ததே இல்லை.

ஞாயிறு காலையிலும் ராஜ்குமார் வந்தான். அவன் வருவதற்குள் இருதயசெல்வி ஒரு வேலையை முடித்திருந்தாள். கடையின் விளம்பர அட்டைகள் மூன்றைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, ரத்தம் வடியக் கணவர் சாய்த்து வெட்டியிருந்த வாய் வழியாக, மூன்று இதயங்களிலும் நுரையீரலுக்கு ஏறும் தடித்த குழாய்க்குள் செருகியிருந்தாள். ராஜ்குமார் பார்க்காமலே வாங்கிப்போனான். உள்ளே பார்க்கும் பழக்கம் அந்தக் கொட்டகையில் யாருக்கும் கிடையாது.

பத்து மணிக்கு மரியஅந்தோணி பாயில் மல்லாந்தார். மார்பின்மேல் வெள்ளைத் துணி. சாமியார் துணிக்கடியில் கைவிட்டார். முனகினார். வியர்த்தார். சிவந்த குழாய் ஒன்றை உருவி உயர்த்தினார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாவத்தை எரிக்க மூட்டியிருந்த நெருப்புச் சட்டியை நோக்கிக் குழாய் போனது.

"சாமி, ஒரு நிமிசம்!" இருதயசெல்வி எழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு பாவம்தான அது? போட்றதுக்கு முன்ன அவரே ஒருவாட்டி பாக்கட்டும்."

"தொட்டா ஒட்டிக்கும் தாயீ!"

"இத்தினி வருசம் உள்ளாரவே இருந்துக்கினு இருந்திச்சே. இன்னும் ஒரு நிமிசம் ஒட்டட்டும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் அதற்குள் குழாயைப் பிடுங்கிக் கணவர் கையில் வைத்தாள். கூடவே கடைக்கத்தியையும்.

மரியஅந்தோணி வெட்டுவாயைப் பார்த்தார். சாய்த்து வெட்டிய வெட்டு. திண்டிவனத்தில் அப்படி வெட்டுகிற கை அவருடையது ஒன்றுதான். முகம் மாறியது. கத்தி பழக்கத்தில் தானே இறங்கியது. பொட்டலம் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண் கலைப்பிரியா எடுத்துப் பிரித்துப் படித்தாள்: "அந்தோணி மட்டன் ஸ்டால். ஞாயிறு காலை ஐந்து மணி முதல் இளங்கறி கிடைக்கும். செல்போனிலும் ஆர்டர் செய்யலாம்."



சாமியார் சமாளித்தார். "போன ஜென்மத்துலயும் இவரு கறிக்கடதான் வச்சிருந்தாரு!"

"போன ஜென்மத்துல ஏது சாமி செல்போனு?" என்றாள் கலைப்பிரியா.

பின்னால் ஒருவர் மெல்ல எழுந்தார். "யம்மா, போன வாரம் எனக்கு எடுத்தது?"

"வெள்ளாடு."

"எனக்குச் செவ்வாக்கெழம எடுத்தாரே?"

"செவ்வாக்கெழமன்னா செம்மறி."

பச்சைமுத்து என்ற விவசாயி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "பாவம் போயி ஒடம்பே லேசாயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனே!"

"லேசானது உங்க பை, அண்ணே."

சுவாசானந்தர் பின்வாசலுக்கு ஓடினார். ராஜ்குமார் வண்டியைக் கிளப்பினான். பின்சக்கரம் பஞ்சர். ஊரிலேயே கைதேர்ந்த பஞ்சர்காரர், வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும்போது பிடிபட்டார்.

திங்கட்கிழமை விழுப்புரத்தில் டாக்டர் கதவை விரித்தார். மாதம் ஒன்று கழித்து மரியஅந்தோணி எங்கும் நின்று மூச்சு வாங்காமல் தெருமுனை வரை நடந்தார். டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பினார்.

அன்று பச்சைமுத்து கடைக்கு வந்தார். "ஆட்டு மூள ஒண்ணு குடும்மா. பேரன் படிப்புக்கு நல்லதாம். செஞ்சி பக்கம் புதுசா வந்திருக்கிற சாமியாரு சொன்னாரு."

இருதயசெல்வி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு ஏற்கெனவே வச்சிருக்கீங்க. அத மொதல்ல செலவழிங்க. தீந்துபோனா வாங்க, தர்றேன்."